கடை மூடினாலும் கணக்கு முடியாது: அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளின் பழைய பேரேடுகள்

1963 நவம்பர் 22. டல்லாஸில் கென்னடி சுடப்பட்ட அன்று மதியமே, பாடப்புத்தகக் கிடங்கு ஒன்றின் ஆறாவது மாடியில் பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதன் மேல் சி2766 என்று ஓர் எண். புலனாய்வு அதிகாரிகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முதலில் நியூயார்க்கில் இருந்த ஒரு துப்பாக்கி வியாபார நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கிருந்து சிகாகோவில் க்ளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக்கு. அந்தக் கடைக்காரர்கள் இரவெல்லாம் மைக்ரோஃபிலிம் சுருள்களை ஓட்டிப் பார்த்து, விடிவதற்குள் ஒரு தபால் ஆர்டரைக் கண்டெடுத்தார்கள். வாங்கியவர் பெயர் ஏ. ஹிடெல், கட்டியது 21.45 டாலர். லீ ஹார்வி ஆஸ்வால்டின் புனைபெயர் அது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. க்ளைன்ஸ் அன்று நடந்துகொண்டிருந்த கடை. கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தார்கள், சுருளும் பத்திரமாக இருந்தது. அந்தக் கடை முந்தைய மாதம் மூடப்பட்டு, காகிதமெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தால் அந்த எண் சிகாகோவோடு நின்றுபோயிருக்கும்.

மூடிய கடையின் கணக்குப் புத்தகம் என்ன ஆக வேண்டும் என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. கேட்கச் சாதாரண அலுவலக நடைமுறை போலத்தான் இருக்கும். ஆனால் துப்பாக்கிப் பதிவேடே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கும் ஒரு நாடு, கிட்டத்தட்ட தன்னை அறியாமலேயே, உலகின் மிகப் பெரிய துப்பாக்கி விற்பனை ஆவணக் குவியல்களில் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பது இந்த நடைமுறையால்தான்.

முதலில் கடையில் இருக்கும் காகிதங்களைப் பார்த்துவிடுவோம். 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும். கென்னடி கொலையில் தொடங்கிய விவாதம், 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுடப்பட்ட பிறகுதான் சட்டமாக முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். தபாலில் துப்பாக்கி வாங்கும் வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. உரிமம் தருவதும் கடைகளைச் சோதிப்பதும் ஏ.டி.எஃப் எனப்படும் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகத்தின் வேலை.

உரிமம் வாங்கியவர் முக்கியமாக இரண்டு ஆவணங்கள் வைத்திருக்க வேண்டும். ஒன்று, வரத்துப்போக்குப் பேரேடு. கடைக்குள் வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரி: என்று வந்தது, யாரிடமிருந்து, தயாரித்தது யார், மாடல், சீரியல் நம்பர், வகை, குழல் அளவு. அதே வரியின் மறுபக்கத்தில், என்று போனது, யாரிடம் போனது. பழுது பார்க்க வந்த துப்பாக்கி ஒரு ராத்திரி கடையில் தங்கினால்கூட அதற்கும் வரி உண்டு. இன்னொன்று, 4473 எண்ணுள்ள படிவம். வாங்குபவர் தன் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதி, குற்றத் தண்டனை உண்டா, போதைப்பழக்கம் உண்டா போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கையெழுத்திடுவது இதில்தான். சில கடைகள் பேரேட்டில் வாங்கியவர் முகவரியை எழுதாமல் இந்தப் படிவத்தின் எண்ணை மட்டும் குறித்து வைக்கும். அப்படிப்பட்ட கடையில் படிவம் தொலைந்தால் பேரேடு பாதி ஊமை.

இந்த இரண்டும் கடையிலேயே இருக்கும். அரசுக்குப் போகாது, இதை மறக்கக்கூடாது. வாங்குபவரின் பின்னணியை எஃப்.பி.ஐ. சோதிக்கிறது, உண்மைதான். ஆனால் அனுமதி கிடைத்த சோதனையின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஏ.டி.எஃப் 1978-ல் ஒரு யோசனை சொன்னது. விற்பனையாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீரியல் நம்பர் விவரங்களை அனுப்பட்டும் என்றது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை, பணத்தையும் வெட்டியது. அப்போதிலிருந்து ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வாசகம் வந்துகொண்டே இருந்தது, 2012 நிதியாண்டுச் சட்டத்தில் அது நிரந்தரமானது: விற்பனையாளர்களின் பதிவுகளை ஓரிடத்தில் திரட்ட இந்தப் பணத்தில் ஒரு காசு செலவிடக்கூடாது. 1986-ல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. துப்பாக்கிகளையோ உரிமையாளர்களையோ பதிவு செய்யும் முறை எதையும் விதிகள் மூலம் கொண்டுவரக்கூடாது என்றே எழுதிவிட்டது.

சரி, அப்படியானால் குற்ற இடத்தில் கிடைத்த துப்பாக்கியை எப்படித் தேடுகிறார்கள்? க்ளைன்ஸ் காலத்து வழிதான், பெரிதாக மாறவில்லை. தயாரிப்பாளரைக் கேட்பார்கள், அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், மொத்த வியாபாரி கடையைக் காட்டுவார், கடைக்காரர் பேரேட்டைப் புரட்டி முதலில் வாங்கியவரின் பெயரைச் சொல்வார். கேட்ட 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்வது கடைக்காரரின் சட்டக் கடமை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, அதாவது ஒரு கடை, இல்லாமல் போனால் தேடல் அங்கேயே அறுந்துவிடும். மூடிய கடையின் காகிதத்தை அரசு கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

சட்டம் சொல்வதன் சாரம் இரண்டே வாக்கியம். தொழிலை இன்னொரு உரிமதாரர் எடுத்து நடத்தினால், பதிவேடுகள் அந்த மாற்றத்தைக் காட்ட வேண்டும், புதியவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். யாரும் எடுத்து நடத்தாமல் தொழில் அடியோடு நின்றுபோனால், 30 நாட்களுக்குள் பதிவேடுகள் அனைத்தும் அரசிடம் போய்ச் சேர வேண்டும். பதிவு முறையே கூடாது என்ற அதே 1986 சட்டம்தான் இந்தப் பிரிவையும் உள்ளே வைத்திருக்கிறது. ஒரு கையால் கதவைச் சாத்தி, மறு கையால் ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி.

இதில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ‘மூடுவது’ என்றால் என்ன என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கடை வேறு தெருவுக்கு மாறுவது மூடுவது ஆகாது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, உரிமத்தில் முகவரியைத் திருத்திக்கொண்டால் போதும். பேரேடுகளும் கூடவே போகும். கடை ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்து, அதன் பங்குகள் கைமாறினாலும் மூடுவது ஆகாது. உரிமம் நிறுவனத்துக்கு உரியது, அது தொடரும், மாற்றத்தை 30 நாளில் தெரிவித்தால் சரி. ஆனால் தனிநபர் ஒருவர் தன் கடையை இன்னொருவருக்கு விற்றால் கதை வேறு. உரிமத்தைக் கடையோடு சேர்த்து விற்க முடியாது. வாங்குபவர் தனக்கென்று புதிய உரிமம் வாங்க வேண்டும், பழையவரின் தொழில் அன்றோடு முடிந்ததாகக் கணக்கு. மூன்றாண்டு உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதும் மூடுவதுதான். ‘நான் எங்கே மூடினேன், சும்மா விற்காமல் இருக்கிறேன்’ என்ற சமாதானம் எடுபடாது.

உரிமதாரர் இறந்துபோனால்? கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ, உயிலை நிறைவேற்றுபவரோ, புதிய உரிமம் எடுக்காமலேயே, மீதமுள்ள உரிமக் காலம் வரை அதே இடத்தில் தொழிலை நடத்தலாம். 30 நாட்களுக்குள் உரிமத்தை ஏ.டி.எஃபுக்கு அனுப்பித் தங்கள் பெயரில் குறிப்பு எழுதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். திவாலான கடைக்கு நீதிமன்றம் நியமித்த நிர்வாகிக்கும் இந்த வசதி உண்டு. யாருக்கும் தொடர விருப்பம் இல்லை என்றால் பெட்டி கட்டும் வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. துக்க வீட்டில் அலமாரியைத் திறந்து, நாற்பது ஆண்டுப் படிவங்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டிய நிலை.

கடையை வாங்கிய புதியவருக்கு ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது. பழைய பேரேடுகளைத் தானே வைத்துக்கொள்ளலாம், அல்லது அரசுக்கே அனுப்பிவிடலாம். என்னைக் கேட்டால் அனுப்பிவிடுவதே நல்லது என்பேன். வைத்துக்கொண்டால், முன்னவர் இருபது வருடம் முன்பு விற்ற துப்பாக்கிக்கும் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டியவர் இவராகிவிடுகிறார்.

மூடுகிறவர் அனுப்ப வேண்டியவை பேரேடும் 4473 படிவங்களும் மட்டுமல்ல. ஒரே ஆளுக்குக் குறுகிய நாட்களில் பல கைத்துப்பாக்கிகள் விற்றபோது எழுதிய அறிக்கைகள், திருட்டு, இழப்புப் புகார்ப் படிவங்கள் எல்லாம் சேர்த்தி. பேரேடு கணினியில் இருந்தால் கோப்பு மட்டும் போதாது, முழுவதும் அச்சிட்ட பிரதியும் வேண்டும் என்று ஏ.டி.எஃப் 2016-ல் கொடுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. கணினி யுகத்திலும் காகிதத்தை விடாத இலாகா.

பெட்டி கட்டும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் கோட்டை விடுகிறார்கள். பேரேட்டில் ‘போனது’ என்ற பக்கம் காலியாக இருக்கும் வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது. கடையில் மிச்சமிருக்கும் துப்பாக்கி வேறு உரிமதாரருக்குப் போயிருந்தால் அவர் பெயரில் எழுத வேண்டும். கடைக்காரர் தன் சொந்தச் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்டால் அதையும் தன் பெயரில் எழுத வேண்டும். காலி வரி என்றால் அந்தத் துப்பாக்கி எங்கே என்ற கேள்வி வரும், பதில் சொல்லக் கடையும் இருக்காது. சொந்தத்துக்கு மாற்றியதையும் உடனே விற்றுக் காசாக்க முடியாது, ஓராண்டு ஆகாத துப்பாக்கியைச் சட்டம் இன்னும் கடைச் சரக்காகவே பார்க்கிறது. உரிமம் போன பிறகு சரக்கை ‘என் சொந்தத் துப்பாக்கி’ என்று சொல்லிப் பின்னணிச் சோதனை இல்லாமல் விற்ற வழக்கத்தை அடைக்க, 2024-ல் பைடன் அரசு விதியை மேலும் இறுக்கியது. அது நீதிமன்றங்களில் மாட்டிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் டிரம்ப், 2021 ஜனவரிக்குப் பிறகு வந்த துப்பாக்கி நடவடிக்கைகளை மறுஆய்வு செய்ய ஆணையிட்டார். ஆகவே கடை மூடப்போகிறவர் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. 30 நாள் கணக்கு மட்டும் சட்டத்திலேயே இருப்பது, விதியை மாற்றி அதைத் தொட முடியாது. வேண்டுமென்றே மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

ஒரு விதிவிலக்கு. பழங்காலத் துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கென்று தனி உரிமம் உண்டு. அவர்களும் ஏடு வைக்க வேண்டும், ஆனால் சேகரிப்பை விட்டுவிட்டால் ஏட்டை அனுப்ப வேண்டாம். அவர்கள் செய்வது தொழில் இல்லை, தொழில் இல்லாத இடத்தில் தொழில் முடிவதும் இல்லை என்பது தர்க்கம்.

சரி, பெட்டிகள் எங்கே போகின்றன? மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊருக்கு. தேசியத் தடமறியும் மையம் அங்கேதான் இருக்கிறது. உள்ளூர் ஏ.டி.எஃப் அலுவலகத்திலும் கொடுக்கலாம், எப்படியும் முடிவில் மார்ட்டின்ஸ்பர்க்தான். அட்டைப்பெட்டிகளில் வருகின்றன, சில நேரம் லாரி லாரியாக. வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்ட ஏடுகளும் வரும், அவற்றை வெயிலில் காயவைத்துப் பிரித்து எடுப்பார்கள். ஒரு கட்டத்தில் காகிதத்தின் எடையைத் தளம் தாங்காது என்ற எச்சரிக்கை வந்து, மிச்சப் பெட்டிகளை வாகனம் நிறுத்துமிடத்தில் சரக்குக் கண்டெய்னர்களில் அடுக்கி வைத்தார்கள்.

இந்தக் குவியல் பெருத்ததில் 1990களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை உரிமக் கட்டணம் ஆண்டுக்கு வெறும் 10 டாலர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி நண்பர்களுக்கு நாலு துப்பாக்கி வாங்கிக் கொடுப்பவர்கள்கூட உரிமம் வைத்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நாட்டில் 2.8 லட்சம் உரிமங்களுக்கு மேல் இருந்தன. 1993-ல் பிரேடி சட்டம் கட்டணத்தை மூன்றாண்டுக்கு 200 டாலர் ஆக்கியது. அடுத்த ஆண்டு புகைப்படமும் கைரேகையும் கட்டாயமாயின. சில ஆண்டுகளில் உரிமங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. உரிமம் விட்ட ஒவ்வொரு விற்பனையாளரின் ஏடும் மார்ட்டின்ஸ்பர்க்குக்குப் போக வேண்டியது. சின்ன வியாபாரிகளைக் களையெடுக்க வந்த சட்டம் அரசின் பரணை நிரப்பியது.

அங்கே என்ன செய்கிறார்கள்? முன்பு மைக்ரோஃபிலிமாக எடுத்தார்கள், பிறகு ஸ்கேனுக்கு மாறினார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். அந்தப் படங்களைக் கடையின் உரிம எண்ணின் கீழ் அடுக்கி வைக்கிறார்கள். அதோடு சரி. பெயரைத் தட்டச்சு செய்தால் தேடிக் கொடுக்கும் வசதி கிடையாது. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல, சட்டம் தடுப்பதால். மூடிய கடைகளின் பதிவுகளைப் பெயரைக் கொண்டோ தனிநபர் அடையாளத்தைக் கொண்டோ மின்னணு முறையில் தேடி எடுக்கக்கூடாது என்பது இன்னொரு நிதி வாசகம். ஆகவே, ஓர் ஊழியர் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளி, கையெழுத்தில் இருக்கும் சீரியல் நம்பரைக் கண்ணால் தேடுகிறார். ஆண்டுக்கு 6 லட்சத்துக்கு மேல் தடமறியும் கோரிக்கைகள் வரும் இடம் இது.

இதைக் கேலி செய்வது சுலபம். நானும் முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். ஆனால் இந்த மந்தம் வேண்டுமென்றே கட்டப்பட்ட மந்தம். துப்பாக்கியில் தொடங்கி ஆளிடம் போகலாம், ஆளில் தொடங்கித் துப்பாக்கியிடம் போகக்கூடாது என்பதுதான் உள்ளே இருக்கும் கணக்கு. ஒரு கொலையில் கிடைத்த ஆயுதத்தை யார் வாங்கினார் என்று கேட்கலாம். இன்னாரிடம் என்னென்ன துப்பாக்கி இருக்கிறது என்று கேட்கும் வழியை அடைத்துவிடு. பட்டியல் என்று ஒன்று இருந்தால் ஒருநாள் அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பறிக்க வருவார்கள் என்ற அச்சம் அமெரிக்காவில் வெறும் ஓரத்துக் குரல் அல்ல, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற அச்சம். அதற்கும் குற்றப் புலனாய்வுக்கும் நடுவில் கிடைத்த சமரசம்தான் இந்தப் படத்தை நகர்த்தும் விரல்.

அந்தச் சமரசம் 2022-ல் ஆட்டம் கண்டது. அதுவரை 20 ஆண்டு தாண்டிய படிவங்களைக் கடைக்காரர் அழித்துவிடலாம். அதாவது கடை மூடும்போது அரசுக்குப் போவது கடைசி இருபது ஆண்டுக் கதை மட்டுமாகவே இருக்கலாம். 2022 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த விதி, கடை இருக்கும்வரை எதையும் அழிக்கக்கூடாது என்றது. இருபது ஆண்டைத் தாண்டியவற்றை வேறு கிடங்கில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை. பழைய துப்பாக்கிகளும் குற்றங்களில் கிடைக்கின்றன, காகிதம் இல்லாமல் தேடல் நின்றுவிடுகிறது என்பது ஏ.டி.எஃப் சொன்ன காரணம். எதிர்ப்பவர்களின் கணக்கு வேறு: எந்தக் கடையும் ஒருநாள் மூடத்தான் போகிறது, அன்று அதன் முழு வரலாறும் மார்ட்டின்ஸ்பர்க்குக்குப் போகும், ஆகவே இது தவணை முறையில் கட்டப்படும் தேசியப் பதிவேடு.

டெக்சாஸ் நாடாளுமன்ற உறுப்பினர் மைக்கேல் கிளவுடும் சகாக்களும் கேட்ட கேள்விக்கு ஏ.டி.எஃப் கொடுத்த பதில் இந்தச் சண்டையில் எண்ணெய் ஊற்றியது. கையில் இருப்பவை 92 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள், அவற்றில் 86 கோடிக்கு மேல் டிஜிட்டல் வடிவில். மூடிய கடைகளின் ஆவணங்களையே அழிக்க வேண்டும் என்று கிளவுட் மசோதாவும் கொண்டுவந்தார். 92 கோடி என்பது பயமுறுத்தும் எண்தான், ஆனால் பெயரைக் கொண்டு தேட முடியாத 92 கோடி பதிவுகள் பட்டியல் ஆகாது. அந்தத் தடை எடுக்கப்பட்டால் ஆகிவிடக்கூடும் என்பதும் உண்மை. இரண்டு தரப்பும் ஒரே குவியலைப் பார்த்துத்தான் பேசுகின்றன. ஒருவர் இன்றிருக்கும் பூட்டைக் காட்டுகிறார், மற்றவர் அந்தப் பூட்டை நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தால் திறந்துவிட முடியும் என்பதைக் காட்டுகிறார்.

அச்சம் முழுக்கக் கற்பனையும் அல்ல. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ 2016-ல் ஏ.டி.எஃபின் நான்கு தரவு அமைப்புகளைச் சோதித்தது. ஸ்கேன் படங்கள் இருக்கும் அமைப்பில் தவறில்லை என்றது. ஆனால் ஆக்செஸ் 2000 என்ற இன்னொன்றில் சிக்கல் இருந்தது. பெரிய தயாரிப்பாளர்களும் மொத்த வியாபாரிகளும் தங்கள் சீரியல் நம்பர்களை ஏ.டி.எஃப் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள வழி செய்யும் ஏற்பாடு அது. அவர்களில் சிலர் தொழிலை மூடியபோது, அவர்களின் தரவுகள் ஏ.டி.எஃபின் ஒரே சர்வரில் ஒன்றாகத் தங்கிவிட்டன. பதிவுகளை ஓரிடத்தில் திரட்டக்கூடாது என்ற தடையை அது மீறுகிறது என்றார்கள் தணிக்கையாளர்கள். 2016 மார்ச்சில் ஏ.டி.எஃப் அந்தத் தரவை அழித்தது.

அதே விவரங்கள் காகிதமாக வந்து, படமாக மாறி, உரிம எண்ணின் கீழ் கிடந்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.